ஒரே மூச்சில் கல்முனை

நெஞ்சுப் படம் எடுத்தார்கள், ஈசிஜி எடுத்தார்கள்.
இதயம் சுவர்க்கடிகாரம் மாதிரி ஓடுகிறதாம்.
"பயம் அண்ணா, வேற ஒண்டுமில்ல.
வரக்குள்ள நாலு எண்ணி இழுங்க,
ஆறு எண்ணி விடுங்க"
என்றாள் டொக்டர் பவதாரணி.
வரிசை அவள் கதவைத் தாண்டி
வெளியே மாமரம் வரை நின்றது.

யாரைப் பார்த்து எண்ணச் சொல்கிறாள்?
பதினெட்டு வருடம் கூட்டுறவு வங்கியில் காசாளர் நான்.
விரல் நனைக்கும் பஞ்சுக்கு முன்னால்
பிறர் காசை எண்ணியே நரைத்தவன்.
ஒரு வெள்ளிக்கிழமை
நாற்பத்தெட்டாயிரம் குறைந்தது.
மனேச்சர் ஒன்றும் சொல்லவில்லை.
ஒன்றும் சொல்லாமல்
என் சாப்பாட்டுப் பையைப் பார்த்தார்.
திங்கட்கிழமை இன்னொரு கட்டுக்குள்ளிருந்து
காசு திரும்பி வந்தது.
மூச்சுத்தான் வரவில்லை.

கல்லடிப் பாலத்தில் பஸ் ஏறும்போது
அது தொடங்கியது.
முதலில் விரல் நுனியில்,
பிறகு கழுத்துப் பொத்தானில்.
ஒன்று இரண்டு மூன்று நான்கு என்றேன்.
நான்கு நாற்பதைக் கூட்டிவந்தது,
நாற்பது நாற்பத்தெட்டை.
ஆறு எண்ணி விடப் போனால்
ஆறு கட்டு நோட்டு,
றப்பர் வளையம் அறுந்து பறக்கிறது.
இந்தப் பாலத்துக்குக் கீழே மீன் பாடுமாம்.
எனக்கு என் காதுதான் இரைந்தது.

இறங்கிவிடுவோம் என்று எழுந்தேன்.
மிதிபலகையில் சிப்னாஸ்,
மருதமுனைப் பொடியன், கொண்டக்டர்,
வாய் நிறையக் காற்றை அள்ளினான்:

காத்தான்குடி ஆரையம்பதி தாழங்குடா கிரான்குளம்
குருக்கள்மடம் செட்டிபாளையம் களுதாவளை களுவாஞ்சிக்குடி
கல்லாறு நீலாவணை மருதமுனை
கல்முனை கல்முனை கல்முனையேய்

ஒரே மூச்சு.
கரையோரம் முழுவதும் ஒரே வெளிமூச்சு.
முடிவில் அவன் வயிறு முதுகோடு ஒட்டிப்போய்
சட்டை மட்டும் காற்றில் நின்றது.

உட்கார்ந்தேன்.

எண்களை டொக்டரிடமே விட்டுவிட்டு
ஊர்களைப் பிடித்துக்கொண்டேன்.
காத்தான்குடி உள்ளே:
நடுவீதிப் பேரீச்சைகள், அத்தர் வாசம்,
புடவைக்கடை வாசலில் பிரிக்காத பொதிகள்.
ஆரையம்பதி வெளியே:
ஆ… ரை… யம்… ப… தி,
இழுக்க இழுக்க நீளும் ஊர்.
தாழங்குடா உள்ளே.
கிரான்குளத்தில் தவறிப்போனது.
சாரதி பிரேக்கை மிதிக்க, ஒரு அம்மா
முருங்கைக்காய்க் கட்டோடு ஏற,
காய் என் முழங்காலில் குத்தியது.
கோபம் வந்தது.
கோபத்தோடு ஒரு முழு மூச்சும் வந்தது,
அதையும் எடுத்துக்கொண்டேன்.

களுதாவளையில்
வெற்றிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்ட மணம்.
மூக்கு என்று ஒன்று
முகத்தில் இருப்பது அப்போது தெரிந்தது.
போகும்போது நுனியில் குளிர்ச்சி,
வரும்போது இளஞ்சூடு.
இத்தனை வருடம்
யார் செய்துகொண்டிருந்தார்கள் இந்த வேலையை,
சம்பளமில்லாமல், லீவு கேட்காமல்?

கல்லாற்றுப் பாலம்.
இடப்பக்கம் கடல், வலப்பக்கம் வாவி,
நடுவே மணல் மூடிய முகத்துவாரம்.
ஒரு கொக்கு மணலில் நின்றது.
மாரி வந்தால் வெட்டுவார்கள்,
இல்லாவிட்டால் தானாய் உடையும்.
இன்றைக்கு ஒருவரும் மண்வெட்டியோடு வரவில்லை.

பயம் போய்விட்டதா என்றால், இல்லை.
பக்கத்து ஆசனத்தில் இருந்தது,
ஜன்னலோரமாய்,
டிக்கட் எடுக்காமல்.
நீலாவணை வரை அதுவும் கடலைத்தான் பார்த்தது.

கல்முனையில் சிப்னாஸ்
மிச்சக்காசை உள்ளங்கையில் அழுத்தினான்.
"எண்ணிப் பாருங்கண்ணே."
எண்ணாமல் பையில் போட்டேன்.
ஐந்தோ பத்தோ குறைந்திருக்கும்.
அவன் அதற்குள் மறுபக்கம் திரும்பி,
மட்டக்களப்பு வரைக்கும் தேவையான காற்றை
நெஞ்சுக்குள் இழுத்துக்கொண்டிருந்தான்.