அவதானிப்புத் தாள், ராயக்கோட்டை

பத்து மணி ஐந்து.
சைத்ரா. மூன்று வயது ஏழு மாதம்.
தக்காளி மண்டியிலிருந்து வந்த நீலக் கிரேடு ஒன்று
அங்கன்வாடி வாசலில் கிடக்கிறது.
விலை விழுந்த வாரம். யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

டம்ளரில் நீர் மொண்டு கிரேடில் ஊற்றுகிறாள்.
நீர் நிற்கவில்லை.
மறுபடி ஊற்றுகிறாள்.

'அடம்' என்று எழுதினேன்.
கிருஷ்ணகிரிப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்:
கண்டதை எழுது, கண்டபடி எழுதாதே.
அடித்தேன்.
'நான்காம் முறை ஊற்றினாள்' என்று எழுதினேன்.
சின்ன வாக்கியம்தான்,
அவள் கால் நீட்டி உட்கார இடமிருந்தது அதில்.

பத்து பன்னிரண்டு.
ஏழாம் முறை. கிரேடைத் தூக்கி அடியில் பார்க்கிறாள்.
ஓட்டை வழியே என்னைப் பார்க்கிறாள்.
"லேது" என்கிறாள்,
எனக்கா தண்ணீருக்கா தெரியவில்லை.
வீட்டு மொழிக் கட்டத்தில்
தெலுங்கு என்று டிக் அடித்திருக்கிறேன்.
இந்த 'இல்லை'க்கு அது போதாது.

ஓட்டை இருக்குது பாப்பா, நிக்காது –
நுனி நாக்குவரை வந்துவிட்டது.
பேனா மூடியைக் கடித்துக்கொண்டேன்.
என் பையனுக்கு எல்லாம் இப்படித்தான் சொன்னேன்,
அவன் கேட்பதற்கு முன்பே.
மந்தம் என்றும் சொன்னேன். நாலு வயதில்.
அதை எந்தத் தாளில் அடிப்பது?

பத்து இருபது.
நவநீத் வந்து கிரேடில் ஏறி உட்காருகிறான். பஸ்ஸாம்.
ஓசூர் ஓசூர் ஓசூர் என்று கத்துகிறான்.
அவன் தலையில் ஒரு டம்ளர் ஊற்றுகிறாள்.
இரண்டு பேரும் சிரிக்கிறார்கள்.
(சிரிப்பை எழுதலாம். சந்தோஷத்தை எழுதக் கூடாது.)

பத்து முப்பத்தொன்று.
கிரேடை இரண்டு செங்கல்மேல் வைக்கிறாள்.
டம்ளரை அடியில் தள்ளுகிறாள்.
தேங்காய்த் தொட்டியில் நீர் எடுத்து மேலிருந்து ஊற்றுகிறாள்.
விழுகிறது டம்ளரில். கொஞ்சம்தான்.
குனிந்து அதையே பார்க்கிறாள்.

'புத்திசாலி' என்று எழுதக் கை ஓடியது.
அதுவும் அடத்துக்குத் தங்கை முறைதான்.
எழுதவில்லை.

பத்து நாற்பது.
மூக்கு ஒழுகியது. சட்டைக் கையில் துடைத்தாள்.
டம்ளர் நீரைக் குடித்தாள்.
(தடுக்க எழுந்தேன். அதற்குள் முடித்துவிட்டாள்.)
சத்துமாவு உருண்டை வாசம் வந்ததும் எழுந்து போனாள்,
கிரேடைத் திரும்பிப் பார்க்காமல்.

தரையில் ஈரம் ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டு வந்தது.
அதை நான் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்,
எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.
அதற்குக் கட்டம் இல்லை.