அந்தப் புள்ளி யாருடையது

எந்த கேமரா வாங்கலாம் என்று கேட்கிறாய், நஸ்ரீன்.
எதைப் படமெடுக்க என்று முதலில் சொல்.
கல்யாணமா,
காவேரிப்பட்டணம் மண்டிக்கு மாம்பழமா,
இல்லை என்னைப்போல் கல்லா?

கல் கண் மூடாது, தலை திருப்பாது, நல்லதுதான்.
ஆனால் நிறத்துக்குத்தான் விலை.
ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால்
காலையில் சாம்பலாய் இருந்த பலகை
சாயங்காலம் ரோஜாவாகிக்
கப்பலேறிப் போய்
சண்டையோடு திரும்பி வரும்.
ஒரு சாம்பல் அட்டை வாங்கு.
கேமரா அப்புறம்.

புதுசு வேண்டாம். பெங்களூரில் பழசு கிடைக்கும்.
"ஒரே கை ஓட்டினது மேடம்" என்பான், பைக் விற்கிறவன் மாதிரி.
அந்தக் கை எத்தனை முறை அழுத்தியது என்று
ஷட்டர் எண்ணிக்கையைக் கேள்.
லென்சுக்குப் பின்னாலிருந்து செல்போன் டார்ச்சை அடி;
உள்ளே சிலந்தி நூல்போல் வெளுத்திருந்தால்
பூஞ்சை. பேரம் பேசாதே,
வைத்துவிட்டு ஓசூர் பஸ்ஸைப் பிடி.
பேட்டரிக் குழியைத் திறந்து
பச்சை பூத்திருக்கிறதா பார்.
மெகாபிக்சல் கணக்கு சொன்னால் கேட்டுக்கொண்டே
முக்காலியை ஆட்டிப் பார்.
ஆடினால், கொக்கியில் ஒரு பை ஜல்லி தொங்கவிடலாம்.
கிருஷ்ணகிரியில் ஜல்லிக்கா பஞ்சம்?

லென்சைத் தெரியவில்லை என்று திரை சொன்னால் பதறாதே,
கழற்றி, பித்தளைப் பொட்டுகளைக்
காய்ந்த துணியால் லேசாகத் துடைத்து, மாட்டு.
பாதிக் கோளாறு அங்கேயே தீரும்.
மீதிப் பாதி,
சார்ஜ் போட மறந்த பேட்டரி.

இனி நான் சொல்ல வந்தது.

போன மார்ச்சில், பர்கூர் சாலை யார்டில்,
நாற்பது பலகைகள். எஃப் பதினாறு வைத்து எடுத்தேன்.
பூப்போட்ட கல்லில் அது ஒளிந்துகொண்டது.
வெள்ளை மூன்றில் மட்டும்
வலது மேல் மூலையில்
மிளகளவு கருப்பு.
வாங்குகிறவர் பெரிதாக்கிப் பார்த்து
மூன்றையும் தள்ளிவிட்டார்.
முதலாளி போனைப் பார்த்தபடியே
பாலிஷ் போட்ட திம்மராயன் கூலியில்
எண்ணூறு பிடித்தார்.

திம்மராயன் பலகையைக் கழுவினார்.
மறுபடி கழுவினார்.
உள்ளங்கையால் மூலையைத் தடவி
"இங்க ஒண்ணுமில்லீங்களே" என்றார்.
கல் எதிரே நின்றது.
நாங்கள் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
நானும்தான்.

நாலு நாள் கழித்து
ஆபீஸ் சுவரை எடுத்தேன்: புள்ளி.
சையத் பாஷா மலைக்கு மேல் வெறும் வானம்: புள்ளி.
கேமராவைத் தலைகீழாகப் பிடித்தேன்,
படத்தில் அதே மூலையில் அதே மிளகு.
எஃப் நாலுக்கு வந்தால் பதுங்கிக்கொள்கிறது,
பதினாறில் வெளியே வருகிறது.

கட்டர் ஓடும்போது யார்டின் நடுவில் நின்று
லென்ஸ் மாற்றியது நான்.
சென்சாரில் உட்கார்ந்தது என் தூசி.

முதலாளியிடம் சொன்னேன்.
"கணக்கு முடிஞ்சிருச்சேம்மா" என்றார்.
என் கையிலிருந்து எண்ணூறு கொடுத்தேன்.
திம்மராயன் எண்ணி, பையில் வைத்து,
"அதக் காட்டுங்க" என்றார்.
காட்டினேன்.
ரொம்ப நேரம் பார்த்தார்.
"இவ்ளோ சின்னதா" என்றார்,
வேறொன்றும் சொல்லவில்லை.

அதனால் நஸ்ரீன்,
வாங்குவதற்கு முன் கடைக்காரனின் வெள்ளைச் சுவரை எடு,
எஃப் பதினாறில்.
லென்ஸ் மாற்றுவது அறைக்குள், ஃபேனை நிறுத்திவிட்டு.
வாயால் ஊதாதே,
எச்சில் பட்டால் செலவு இரட்டிப்பு.
ரப்பர் ஊதுபந்து போதும்,
கேமராவைக் குப்புறப் பிடித்து.
படத்தில் குறை தெரிந்தால்
யாரையும் கூப்பிடுவதற்கு முன்
இன்னொரு படம் எடு.

முக்காலி வாங்காதே.
என்னிடம் ஒன்று சும்மா கிடக்கிறது.
ஒரு காலில் திருகு நழுவும்,
டேப் சுற்றியிருக்கிறேன்.
ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்.