எத்தனை வீதம்

இந்த ஊரில் பெயருக்கு அடுத்தபடி
சதவீதம்தான் கேட்பார்கள்.
ரெகுலா அறுபது. அவளுடைய புருசன் எண்பது,
புதன்கிழமைகளில் குழந்தையோடு வீட்டில்.
இருபதை வெட்டச் சொல்லி அவனே கடிதம் கொடுத்தானாம்.
சம்பளத்தைக் குறையுங்கள் என்று
ஒரு மனிசன் கையெழுத்து வைப்பான் என்பதை
ஓல்டனுக்கு வந்துதான் அறிந்தேன்.

நான் நாற்பது,
ஆராவ் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில்.
முப்பது, சோஃபிங்கனில், பள்ளிக்கூடம் விட்ட பிறகு,
மேசைகளுக்குக் கீழே ஒட்டிய சூயிங்கத்துக்கு.
இன்னும் இருபது
காப்புறுதிக் கம்பனியின் சாப்பாட்டுக்கூடத்தில்:
பதினொன்றரை முதல் ஒன்றரை வரை
தட்டில் உருளைக்கிழங்கு வைக்கும் கை.

கூட்டினால் தொண்ணூறு.
கூட்டத்தான் ஆளில்லை.
ஒவ்வொரு துண்டும் வரம்புக்குக் கீழே என்று
ஓய்வூதியக் காரியாலயம் எழுதியிருக்கிறது.
இராட்டினத்து வாசலில்
உயரம் அளக்கும் கோலடியில் நிறுத்திய
மூன்று சிறுவர்கள் மாதிரி.
ஒருவரையும் ஏற்றவில்லை.

செவ்வாய், ஒன்று நாற்பது, ஏழாம் மேடை.
தொலைபேசியில் புள்ளிவிபரத் திணைக்களம்.
இளம் குரல். பின்னால் அதே கேள்வியைக் கேட்கும்
வேறு பல குரல்கள்.

போன கிழமை எத்தனை மணித்தியாலம் வேலை செய்தீர்கள்?

ரயிலில் சோற்றுப்பெட்டி திறக்கிற நேரமும் சேர்த்தியா?
இல்லை.
நிலையத்துக் கழிப்பறையில்
ஒரு சீருடையைக் கழற்றி இன்னொன்றைப் போடுவது?
காசு போட்டால்தான் அந்தக் கதவு திறக்கும், தெரியுமா?
அதற்குக் கட்டம் இல்லையே, என்றாள்.
உண்மையிலேயே தேடிப் பார்த்திருப்பாள் போல.
கொஞ்சம் பிந்தித்தான் சொன்னாள்.

இதைவிடக் கூடுதலாக வேலை செய்ய விரும்புகிறீர்களா?

கூடுதலாக இல்லை, பிள்ளை.
ஒன்றாக.

விசைப்பலகைச் சத்தம் நின்றது.
ஆம் என்று போடவா, இல்லை என்று போடவா?

என் ஜேர்மனில் அதற்கு மேல் சொல் இல்லை.
நீங்கள் எத்தனை வீதம் என்று கேட்டேன்.
சிரித்தாள். கேட்கக்கூடாத கேள்வியாக இருக்கலாம்.
நான் மாணவி, மணித்தியாலக் கணக்கு,
அடுத்த கிழமை எத்தனை என்று வெள்ளிக்கிழமைதான் சொல்வார்கள்.
பிறகு பழைய குரலுக்குத் திரும்பி:
மீண்டும் கேட்கிறேன், ஆமா, இல்லையா?

வண்டி வந்துவிட்டது.
பத்து நிமிடம், ஆராவுக்கு.
ஆம் என்று போடுங்கள் என்றேனா
இல்லையென்றேனா, ஞாபகமில்லை.
விரலில் வெண்ணெய் வாசம்.
பையின் அடியில்
சலவைக்கூடத்து அட்டையைத் தேடினேன்,
பள்ளிக்கூடத்துச் சாவிதான் கையில் வந்தது.