வேறு ஏதேனும்

காஸல் நகரம். ஓய்வூதிய அலுவலகத்தின் மூன்றாம் மாடியில்
ஒரு பெண் என் வாழ்க்கையைக் கூட்டிப் பார்க்கிறாள்.
ஹென்னெகே என்று மேசையில் பெயர்ப்பலகை.
மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருக்கிறாள்,
எண்கள் வரும்போது மட்டும் ஏற்றிக்கொள்கிறாள்.

எண்பத்தெட்டு மார்ச் முதல் தொண்ணூற்றொன்று நவம்பர் வரை
ஒன்றுமே இல்லையே, என்கிறாள்.
நாற்பத்தைந்து மாதம்.

ஜாம்பியா, என்கிறேன். வடக்கு மாகாணம்.
முகவரி?
தெருப்பெயர் இல்லாத ஊர், அம்மா.
வீட்டு எண்?
நான்தான் போட்டேன்.
சுண்ணாம்புக் கட்டியால், கதவு கதவாக,
ஒன்று முதல் நூற்றுப் பன்னிரண்டு வரை.
என் குடிசைக்குப் போட மறந்துவிட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. படிவத்தில் ஒரு கோடு இழுத்தாள்.

அந்தக் கோடு எனக்குத் தெரியும்.
முப்பது வருடம் நான் இழுத்த கோடு.
குடும்பத் தலைவர் யார், நிலம் எவ்வளவு, கோழி எத்தனை,
மழைக்கு முன் எத்தனை நாள் ஒருவேளை மட்டும் உண்டீர்கள்.
அடங்காத பதிலுக்கெல்லாம் கடைசியில் ஒரு கட்டம்:
வேறு ஏதேனும்.
ஊரில் பாதி அதற்குள்தான் குடியிருந்தது.

எழுபத்தொன்றாம் வீட்டில் முலெங்காவின் அம்மா
மக்காச்சோளம் உதிர்த்தபடியே திருப்பிக் கேட்டாள்:
உன் வீட்டில் எத்தனை கோழி?
இல்லை, என்றேன்.
நிலம்?
இல்லை.
பிள்ளை?
பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.
அவள் உள்ளே போய் ஒரு முட்டையோடு வந்தாள்,
என் உள்ளங்கையை விரித்து வைத்தாள்.
அதை எந்த வரிசையில் எழுதுவது?
வழங்கியவர், பயனாளி என்று
என் தாளில் எல்லாம் எதிர்த்திசையில் அச்சாகியிருந்தது.

கைப்பம்பு வைத்தோம். ஜெர்மன் இரும்பு, நல்ல நீலப் பூச்சு.
பெண்கள் பழைய ஓடைக்கே போனார்கள்.
ஏனென்று அறிய எனக்குப் பதினோரு மாதம் பிடித்தது.
பம்பு நின்றது ஊர்த்தலைவரின் தம்பி வாசலில்.
ஓடைக்குப் போகும் வழியில்தான்
ஆண்காது இல்லாத முக்கால் மணி நேரம்.
அறுபத்தொன்றாம் பக்கத்தில் எழுதினேன்.
தலைமையகத்தில் சுருக்கத்தை மட்டும் வாசித்தார்கள்.
அடுத்த ஆண்டு இன்னும் நான்கு பம்பு வந்து இறங்கியது.

சான்று இருக்கிறதா, என்கிறாள் ஹென்னெகே.
பையிலிருந்து நோட்டுகளை எடுத்து வைக்கிறேன்.
பதினான்கு. மூலைகளைக் கரையான் படித்திருக்கிறது.
உள்ளே தமிழ், நடுநடுவே பெம்பா,
செலவுக் கணக்கு மட்டும் ஜெர்மனில்.
புரட்டுகிறாள். ஒரு பக்கத்தில் விரல் நிற்கிறது:
நசுங்கிய கொசு, பக்கத்தில் பழுப்பாக என் ரத்தம்.
இதை முத்திரையாக ஏற்க முடியாது, என்கிறாள்.
அவள் உதடு லேசாக அசைந்ததா என்று தெரியவில்லை.

பிறகு கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டாள்,
நீங்கள் எங்கள் பக்கம் வந்ததே இல்லையா?
எந்தப் பக்கம்?
வெர்ரா ஆற்றுக்கு மேலே. எண்பது வீடு.
கடை மூடி ஆறு வருடம்.
டாக்டர் இறந்துபோனார், வேறு ஆள் வரவில்லை.
பஸ் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.
போன வருடம் இரண்டு பையன்கள் மடிக்கணினியோடு வந்து
மகிழ்ச்சிக்கு ஐந்துக்கு எத்தனை போடுவீர்கள் என்றார்கள்.
எத்தனை போட்டீர்கள்?
மூன்று. அந்நியனிடம் வேறென்ன சொல்வது?
நிழற்குடை கட்டித் தந்தார்கள். முழுக்கக் கண்ணாடி.
பஸ் அதே இரண்டுதான்.

என் கை தானாகப் பேனாவைத் தேடியது.
உங்கள் வீட்டில் கோழி எத்தனை?
ஐந்து, என்றாள். விரல் மடக்கி,
இல்லை, நான்கு. ஞாயிற்றுக்கிழமை நரி.

நாற்பத்தைந்து மாதம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது.
ஜூன் பதினாறுக்குள் மேல்முறையீடு செய்யலாமாம்.
வெளியே டோக்கனோடு ஆட்கள் இருமுகிறார்கள்,
அவள் பொத்தானை அழுத்தவில்லை.
நரி எந்தப் பக்கமிருந்து வந்தது, என்றேன்.
நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.