பத்து வரை எண்ணு

தடைக்காலம் முடியும் நள்ளிரவு.
அறுபத்தொரு நாள் கட்டிக் கிடந்த விசைப்படகெல்லாம்
பன்னிரண்டு அடித்த அதே நொடியில்
டீசல் டோக்கன் கேட்டன.

கடலூர் முதுநகர், ஐஸ் கம்பெனிக்கு மேல்மாடி.
மூன்று சர்வர், ஒரு மின்விசிறி, நான்.
திரையில் கோடு செங்குத்தாக எழுந்து
சட்டத்துக்கு வெளியே போனது.

பதில் வராதவன் மறுபடி அழுத்துவான்.
மறுபடி அழுத்தியவனுக்கும் பதில் வராது.
தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, ராசாப்பேட்டை,
எங்கும் கட்டைவிரல்கள்.
ஐந்நூறு படகு, நாற்பதாயிரம் கேள்வி.

முதல் சர்வர் சுருண்டது.
அதன் சுமை மற்ற இரண்டின் தலையில்.
இரண்டாவது எவ்வளவு நேரம் தாங்கும் என்று
கணக்குப் போடும்முன்பே
அதுவும் போனது.

வாசலை மூடினேன்.
முழுக்க அல்ல, ஒரு வாளி வைக்கும் அளவு விட்டு.
நிமிடத்துக்கு மூன்று வில்லை அதில் விழும்,
பம்புகள் அவ்வளவுதான் தாங்கும்.
வில்லை எடுத்தவன் உள்ளே.
வாளி காலியென்றால்:
"இப்போது இல்லை. பிறகு வா."
எவ்வளவு பிறகு என்பதை
ஆளுக்கொன்றாய்க் கலைத்துப் போட்டேன்,
எல்லோரும் சேர்ந்து திரும்பி வராதபடி.

இரக்கமில்லாத வேலைதான்.
மறுப்பதென்றால் உடனே மறுக்க வேண்டும்.
சுற்றும் வட்டத்தைக் காட்டியே
ஒருவனை உட்கார வைப்பது அதைவிடப் பாவம்.

அப்போதுதான் கஜபதி அழைத்தான். என் தம்பி.
"அக்கா, உள்ளதான இருக்க?
என் படகு நம்பர மட்டும் முன்னால தள்ளு."

தள்ளலாம். ஒரு வரி போதும்.
எழுதியும் விட்டேன்.
கர்சர் அதன் கடைசியில் துடித்துக்கொண்டிருந்தது.
பதிவில் தேடினால், எழுபத்தொரு தடவை
அழுத்தியிருக்கிறான்.
அழுத்த அழுத்த அவன் காத்திருப்பு
நீண்டுகொண்டே போயிருக்கிறது.

"கைய எடுடா கஜா. பத்து வரைக்கும் எண்ணு.
கிடைக்கலன்னா இருபது. அப்புறம் நாப்பது."
"பைத்தியமா நீ?" வைத்துவிட்டான்.

வரியை அழித்தேன்.

ஒன்றே காலுக்கு இன்னொரு சிக்கல்.
மூன்றாம் பம்பின் பூட்டு எவன் கையிலோ.
பூட்டியவன் போன் செத்துவிட்டது போல.
முப்பது நொடிதான் குத்தகை.
கடைசி நொடி வரை அவனுக்காகக் கிடந்தது,
பிறகு ஏனென்று கேட்காமல்
அடுத்தவனுக்குப் போனது.

ஜன்னலைத் திறந்தேன். கருவாட்டு வாடை.
மணல் தூர்ந்து குறுகிய முகத்துவாரம்,
ஒரு நேரம் ஒரு படகுதான்.
பொறுமையாக நின்றார்கள் என்றால் பொய்.
அம்மா அக்காவை இழுத்துத் திட்டிக்கொண்டே
ஒவ்வொன்றாய்ப் போயின, விளக்கோடு.

மூன்று பன்னிரண்டுக்குப் பதிவில் ஒரு வரி:
கஜபதி, அனுமதி.
முந்தைய அழுத்தத்துக்கும் இதற்கும் இடையில்
நாற்பத்தொரு நொடி.