நாள் வாடகை

எனக்குப் பட்டறை கிடையாது.
இருப்பது ஒரு சிவப்பு கிரேன்.
ஆறு சக்கரம், அதில் ஒன்று சுற்றாது.
இம்பீரியல் ரோட்டில் தள்ளிக்கொண்டு போனால்
ஒட்டகச்சிவிங்கிக் குட்டியை ஓட்டிப் போகிறவனைப் பார்ப்பதுபோல்
பஸ் ஜன்னலெல்லாம் திரும்பும்.
நாள் வாடகை முந்நூற்றைம்பது.
என்ஜின் உங்களுடையது, தூக்குவது என்னுடையது.

இன்று முதுநகர். ஜக்கரியா பட்டறை.
துறைமுகத்திலிருந்து பண்ருட்டிக்கு மீன் ஏற்றிப் போன
பொலேரோ பிக்கப், நெல்லிக்குப்பம் தாண்டிப்
புகை கக்கி நின்றதாம்.
வண்டிக்காரி அஞ்சலாட்சி
ஐஸ் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள்.
இன்னும் பதினொரு தவணை பாக்கி.

கியர்பாக்ஸ் தனியே வந்தாயிற்று.
மவுண்ட் போல்ட்டைக் கழற்றிச் சங்கிலி மாட்டிக்
கிரேனின் கையை நீட்டினேன்.
கையில் நாலு ஓட்டை.
உள்ளே இழுத்துப் பூட்டினால் இரண்டு டன்,
முழுக்க நீட்டினால் அரை டன்.
எட்டி நின்று தூக்குகிறவனுக்கு
எங்கேயும் பலம் கம்மிதான்.

"ஒத்தக் கையால எப்படிப்பா?"
கம்பியை அவளிடமே கொடுத்தேன்.

ஓர் அமுக்கு.
விரல் பருமன் குழாயிலிருந்து
முழங்கைப் பருமன் குழாய்க்குக்
கொஞ்சம் எண்ணெய் போகிறது.
எண்ணெய் நசுங்காது, அதுதான் அதன் பிடிவாதம்.
நிற்க இடம் கேட்டு
அகலமான பிஸ்டனை ஒரு நூல் உயர்த்துகிறது.
கை இறங்கியது இரண்டு சாண்,
பிஸ்டன் ஏறியது ஒரு நூல்.
இழந்த தூரமெல்லாம் பலம்.

"சில்லறையாப் போட்டு நோட்டா எடுக்கறது"
என்றாள் அஞ்சலாட்சி.
பதினாறு வருசத்தில் நான் இப்படிச் சொன்னதில்லை.

போன எண்ணெய் திரும்பாமலிருக்க
வழியில் ஓர் எஃகுக் குண்டு, மிளகளவு.
உள்ளே விடும். வெளியே விடாது.

அறுபதாவது அமுக்கில்
என்ஜின் முன்சட்டத்தைத் தாண்டி வெளியே வந்து
மெல்ல ஒரு பக்கமாகத் திரும்பியது.
அதன் அடிவயிற்றில், எப்படிப் போனதோ,
காய்ந்த மீன் செதில் ஒன்று.

டீக்குப் போனோம். அவள் வரவில்லை.
திரும்பியபோது சொன்னாள்: "இறங்குது."
"இல்லக்கா, பார்க்க அப்படித்தான் இருக்கும்."
"தராசு முள்ளப் பார்த்துப் பார்த்துத் தேஞ்ச கண்ணு இது.
அப்ப ஹெட்லைட்டுக்கு மேல இருந்துச்சு.
இப்ப நேரா இருக்கு."

இரண்டு விரக்கடை.
ஏனென்று எனக்குத் தெரியும்.
எண்ணெய் ஊற்றும் வாய்க்கு இருந்த ரப்பர் மூடி
மாசியில் தொலைந்தது. துணியை அடைத்திருந்தேன்.
பிறகு தேவனாம்பட்டினத்தில் வேலை,
சோனாங்குப்பத்தில் வேலை, இரண்டிலும் காற்று.
குண்டுக்கும் அதன் குழிக்கும் நடுவே
ஒரு மணல்.
அது வழியாக எண்ணெய்
யாருக்கும் கேட்காமல் வீடு திரும்பிக்கொண்டிருந்தது.

ஜக்கரியா ஒன்றும் பேசவில்லை,
இரண்டு பழைய டயரை உருட்டி வந்து அடியில் போட்டான்.
திருகைக் கால் சுற்றுத் தளர்த்தினேன்.
ஏற அறுபது அமுக்கு,
இறங்க ஒரு பெருமூச்சு.
டயர் நசுங்கி என்ஜினை வாங்கிக்கொண்டது.
எண்ணெய் முழுக்கத் தொட்டிக்கு வந்துவிட்டது.
நூறு என்ஜின் தூக்கினாலும்
அது செலவாவதில்லை.

ஜாக்கைப் பிரித்துக் கழுவினேன்.
மணலை விரல்நுனியில் ஒற்றி எடுத்து அவளுக்குக் காட்டினேன்.
காட்டியிருக்க வேண்டாம்.
"இதுக்கா முந்நூத்தம்பது?"

இருநூற்றைம்பதில் முடிந்தது.
மீன் வாசனையோடு இரண்டு நூறு,
மிச்சம் ஐம்பதும் சில்லறை, எண்ணி எண்ணி.
போகிற வழியில் ரப்பர் மூடி வாங்கினேன், இருபது ரூபாய்.

அந்த ஒரு சக்கரம்
பாலம் வரைக்கும் சுற்றவில்லை.