கட்டுவதற்கான கொக்கி

பிறக்கும்போதே பழசு இந்த வண்டி.
எண்பத்தொன்பதில் ஜப்பானில் செய்து
ஐம்பதுகளின் முகத்தை ஒட்டி அனுப்பிவிட்டார்கள்.
உருண்டைக் கண், துணிக்கூரை,
விரல் தடிமனில் ஒரு கியர்க் கம்பி.
இன்வர்கார்கிலில் பெட்ரோல் போட நின்றால்
தன் அம்மா இதே வண்டி ஓட்டியதாக
யாராவது வந்து சொல்வார்கள்.
ஓட்டியிருக்க முடியாது.
நான் தலையாட்டுவேன்.

இது எழுநூற்று இருபது கிலோ.
எங்கள் பஸ் ஏழு டன்.
பஸ்தான் இப்போது வீடு:
மடக்குக் கட்டில், கெட்டில்,
நோயலீனின் இன்சுலினுக்கு ஒரு குட்டி ஃபிரிட்ஜ்.
பால் பாக்கெட் வாங்க ஏழு டன்னைக் கிளப்ப முடியுமா?
ஆகவே சின்னது பின்னால் வந்தாக வேண்டும்.

கோர் ஊர் ஏலத்தில் அறுபது டாலருக்கு
ஓர் இழுவைச் சட்டம்.
ஏதோ ஜீப்புக்குச் செய்தது.
கால்களுக்கு நடுவே தொண்ணூற்று நாலு சென்டிமீட்டர்;
எங்களுக்கு எழுபத்தாறு போதும்.
அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் பிடித்துத் தைப்பது போலத்தான்
என்று நினைத்தேன்.

"அடியில்தான் ரெண்டு கொக்கி இருக்கே,
மாட்டு, சங்கிலி போடு, கிளம்பு"
என்றான் பக்கத்து வண்டி டெஸ்மண்ட்.

இலைசானே
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு அடியில் போனாள்.
நெடுநேரம் பூட்ஸ் மட்டும் தெரிந்தது.
சுத்தியால் ஒரே தட்டு.
கொக்கி, திருகிய காது போல,
ஒருபக்கமாகச் சாய்ந்துகொண்டது.
"இது இழுக்கிற கொக்கி இல்லை.
கப்பலில் ஆடாமலிருக்கக்
கட்டி வைக்கிற கொக்கி."

"என் முதல் கல்யாணம்" என்றாள் நோயலீன்.
இலைசானே சிரிக்கவில்லை.
பதினேழாம் நம்பர் ஸ்பானர் கேட்டாள்.

பம்பருக்குப் பின்னால் எட்டு மில்லிமீட்டர் இரும்புப் பட்டை.
சேஸிஸ் உள்ளே வெற்றுக் குழல்;
போல்ட் இறுக இறுக நசுங்கும் என்று
ஒவ்வொரு துளைக்குள்ளும் ஒரு சிறு குழாய்த் துண்டு.
வெட்டிய கால்களைப் பற்றவைத்தாள்.
மீன் செதில் அடுக்கியது போல, அவ்வளவு அழகு.
குனிந்து பார்த்தாள்,
கிரைண்டரை எடுத்து மொத்தத்தையும் வழித்தெறிந்தாள்.
"மேலே படர்ந்திருக்கு. உள்ளே இறங்கவில்லை."
இரண்டாவது பற்று அசிங்கமாக இருந்தது.
அதை விட்டுவைத்தாள்.

பிறகு சங்கிலிகள், குறுக்காக,
தலை கழன்றால் தரையில் குத்தாமல்
மடியில் ஏந்திக்கொள்ள.
எல்லாமே விட்டுப்போனால்
பிரேக்கைத் தானே இழுக்க ஒரு மெல்லிய கம்பி.

ஞாயிற்றுக்கிழமை, ஆளில்லாத குதிரைப்பந்தய மைதானம்.
பஸ்ஸை நோயலீன் ஓட்டினாள்.
நான் சின்ன வண்டியில்.
கியர் நியூட்ரல், சாவி ஒரு சொடுக்கு, கைகள் மடியில்.
ஸ்டீரிங் தானாகத் திரும்பியது.
இடம். வலம்.
பிடித்துவிடக் கை பரபரத்தது.
பிடிக்காதே என்றுதான் சொல்லியிருந்தாள்.
ஒரு குறுகிய வளைவில் சக்கரம் முழுக்க ஒடிந்து
திரும்ப மறுத்துத் தரையைத் தேய்த்தது.
ஹாரன் அடித்தேன்.
பொம்மையின் கீச்சொலி;
ஏழு டன்னுக்குக் கேட்குமா?
கடைசியில் காமிராவில் என் கையசைப்பைப் பார்த்து நிறுத்தினாள்.

அன்றே பஸ்ஸின் டாஷ்போர்டில் எழுதி ஒட்டினாள்:
அகலமாகத் திரும்பு. ரிவர்ஸ் கிடையாது.

ஐம்பது கிலோமீட்டரில் நிறுத்தி
போல்ட்டை மறுபடி இறுக்கச் சொல்லியிருந்தாள் இலைசானே.
டிப்டனுக்கு முன்னால் ஓரங்கட்டினோம்.
வேலிக்கு அப்பால் ஆடுகள், சாரல்.
நனைந்த புல்லில் மல்லாந்தேன்.
மூன்று போல்ட் அசையவில்லை.
நான்காவது கால் சுற்று இறங்கியது.

கால் சுற்றுதான்.
சொல்லாமல் விட்டிருக்கலாம்.
சொன்னேன்.
நோட்டை எடுத்து,
காலைச் சர்க்கரை ஏழு புள்ளி இரண்டு என்பதற்குக் கீழே
கால் சுற்று என்று எழுதிக்கொண்டாள்,
நேரத்தையும் போட்டு.